திரைத் துப்பாக்கியின் மேற்பரப்பு

முதல்நபர் கோணத்தில் ஆடும் சுடுதல் விளையாட்டுகளில் ஆட்டக்காரரின் கண்ணை விட்டு அகலாத பொருள் கையிலிருக்கும் ஆயுதம். எதிரி சில நொடி தோன்றி விழுகிறான், சுவர்களும் தெருக்களும் கடந்து போகின்றன. துப்பாக்கி மட்டும் திரையின் கீழ்மூலையில் மணிக்கணக்காக நிற்கிறது. அதனால் மேற்பரப்பை மெய்யாகக் காட்டும் கலையில் வந்த ஒவ்வொரு முன்னேற்றமும் அங்கே முதலில் கண்ணில் பட்டது. ஒரு காலத்தில் ஒளியையும் நிழலையும் ஓவியரே வரைய வேண்டியிருந்தது. பின்னர் அந்த வேலை படிப்படியாக வரைகலை அட்டையின் கைக்குப் போனது. ஓவியரிடம் மிஞ்சியது பொருளைப் பற்றிய அறிவு: எஃகு எப்படிக் கறுக்கும், மரம் எங்கே மழுங்கும், பூச்சு எந்த விளிம்பில் முதலில் உதிரும்.

இதன் அடிப்படைகள் விளையாட்டுக்கு வெளியே பிறந்தவை. யூட்டா பல்கலைக்கழகத்தில் எட்வின் கேட்மல் 1974இல் அளித்த முனைவர் பட்ட ஆய்வேடு, ஒரு தட்டைப் படத்தை வளைந்த முப்பரிமாணப் பரப்பின்மேல் பொருத்தும் வழியைச் சொன்னது. டெக்ஸ்ச்சர் என்று இன்று அழைக்கப்படுவது அந்தப் படம்தான். 1976இல் ஜிம் பிளின்னும் மார்ட்டின் நியூவெல்லும் சுற்றுப்புறம் பளபளப்பான பரப்பில் பிரதிபலிப்பதை ஒரு படத்தைக் கொண்டே காட்டினர். வடிவத்தைத் தொடாமல் அதன்மேல் விழும் ஒளிக் கணக்கை மட்டும் மாற்றிச் சுருக்கங்களையும் மேடுபள்ளங்களையும் தோற்றுவிக்கும் முறையை 1978இல் பிளின் வெளியிட்டார். இந்த மூன்றும் துப்பாக்கி மாடல்களுக்கு வந்து சேர இருபது ஆண்டும் அதற்கு மேலும் ஆயின.

1993 டிசம்பரில் வெளியான டூம் விளையாட்டில் முப்பரிமாண ஆயுதமே கிடையாது. திரையில் தெரிந்தவை தட்டைப் படங்கள். ஐடி சாஃப்ட்வேர் குழுவினர் பொம்மைத் துப்பாக்கிகளைக் கையில் பிடித்து, கேமராவில் பதிந்து, கணினியில் ஏற்றி, பிக்சல் பிக்சலாகத் திருத்தினர். ஷாட்கன், டூட்ஸிடாய் நிறுவனம் விற்ற டகோட்டா என்ற பொம்மை. பிளாஸ்மா துப்பாக்கியின் உடல், எம்60 இயந்திரத் துப்பாக்கியைப் போலச் செய்த இன்னொரு பொம்மையின் பகுதி. மரம் அறுக்கும் சங்கிலி வாள் மட்டும் நிஜமானது, அதுவும் இரவல் வாங்கியது. மொத்த விளையாட்டுக்கும் சேர்த்து 256 நிறங்கள், திரையின் அளவு 320×200 பிக்சல். பிளாஸ்டிக் பொம்மை இரும்பாகத் தெரிந்ததற்குக் காரணம் திருத்திய கைகளின் திறமையும் அந்தக் குறைந்த பிக்சல் எண்ணிக்கையும்தான். கூர்மையில்லாத படத்தில் கண் தானாகவே உலோகத்தை நிரப்பிக்கொண்டது. ஆனால் படம் எடுத்தபோது விழுந்த மினுக்கம் அப்படியே உறைந்துவிட்டது. ஆட்டக்காரர் எந்தத் திசையில் திரும்பினாலும் அது இடம் மாறவில்லை. இருண்ட அறைக்குள் போனால் படம் முழுவதும் ஒரே சீராக மங்கியது.

1996 ஜூனில் வந்த குவேக் விளையாட்டில் ஆயுதம் முக்கோணங்களால் ஆன மாடலாக மாறியது. அதன் தோலாக ஒரு படம் ஒட்டப்பட்டது. இங்கேதான் மாடலை விரிக்கும் சிக்கல் தொடங்குகிறது. தைத்த சட்டையின் தையலைப் பிரித்துத் துணியைத் தரையில் பரப்புவதைப் போல, முப்பரிமாண உருவத்தை வெட்டித் தட்டையாக்கினால்தான் அதன்மேல் வரைய முடியும். குவேக் கையாண்டது மிக எளிய வழி. மாடலை முன்னிருந்தும் பின்னிருந்தும் அமுக்கி, இரு நிழலுருக்களை அருகருகே வைத்தார்கள். பக்கவாட்டில் திரும்பிய பரப்புகளில் பிக்சல்கள் இழுபட்டுக் கோடுகளாயின. 256 நிறங்களில் கடைசி 32 எந்த இருட்டிலும் மங்காதவை. அவற்றைத் தெரியாமல் பயன்படுத்திய புதியவரின் துப்பாக்கியில் இருட்டில் புள்ளிகள் ஜொலித்தன. இருந்தும், சொந்தமாக ஆயுதம் செய்து விளையாட்டுக்குள் நுழைக்கும் பழக்கம் பரவியது இந்தக் காலத்தில்தான். கோப்பு ஒன்றை மாற்றினால் போதும், புதிய துப்பாக்கி கைக்கு வந்துவிடும்.

அதே 1996இல் விற்பனைக்கு வந்த 3டிஎஃப்எக்ஸ் வூடூ வரைகலை அட்டை 4 மெகாபைட் நினைவகம் கொண்டது. அது ஏற்ற டெக்ஸ்ச்சரின் உச்ச அளவு 256×256. 1998 நவம்பரில் வந்த ஹாஃப் லைஃப், ஒவ்வொரு டெக்ஸ்ச்சருக்கும் தனித்தனியே 256 நிறங்களை அனுமதித்தது. துப்பாக்கி ஓவியருக்கு இது பெரிய விடுதலை. சாம்பலுக்கும் நீலக் கருப்புக்கும் இடையிலான சாயல்களுக்கே ஒரு வண்ணத்தட்டு முழுவதையும் செலவிடலாம். அதில் குரோம் என்ற வசதியும் இருந்தது. பார்க்கும் கோணத்துக்கேற்ப ஒரு நிலையான படம் பரப்பின்மேல் நகரும். பிளின், நியூவெல் காட்டிய பிரதிபலிப்பின் ஏழை உறவு அது. ஆனாலும் நகரும் மினுக்கம் துப்பாக்கிக்கு வந்துவிட்டது.

ஹாஃப் லைஃபின்மேல் கனடா மாணவர் மின் லீயும் அமெரிக்கரான ஜெஸ் கிளிஃபும் உருவாக்கிய கவுன்டர் ஸ்ட்ரைக், 1999 ஜூனில் சோதனை வடிவில் வெளிவந்தது. ஏகே-47, எம்4 என்று நிஜத் துப்பாக்கிகளே அதில் ஆயுதங்கள். கற்பனை ஆயுதத்தில் தவறு கண்டுபிடிக்க யாராலும் முடியாது, ஏகே-47இல் எவராலும் முடியும். தனிப்பயன் மாடல் செய்பவர்களின் துல்லிய வெறி இங்கிருந்தே வளர்ந்தது எனலாம். மூல மாடல்கள் இடக்கைப் பிடிப்பில் செய்யப்பட்டிருந்தன. விளையாட்டு அவற்றைக் கண்ணாடிப் பிம்பமாகத் திருப்பி வலக்கையில் காட்டியது. விளைவாக ஏகேயின் குண்டேற்றும் பிடி, நிஜத்துக்கு மாறாக, இடப்புறம் வந்தது. இதைத் திருத்துவதற்காகவே மாடல்கள் செய்யப்பட்டன. இடம் மிச்சம் பிடிக்கத் துப்பாக்கியின் ஒரு பக்கத்தை மட்டும் வரைந்து மறுபக்கத்துக்கும் அதையே ஒட்டுவது வழக்கம். அப்போது பொறித்த எழுத்துகள் ஒரு பக்கம் இடவலம் மாறின. ஆகவே எழுத்துள்ள பகுதியை மட்டும் தனியே விரித்தார்கள்.

அந்நாளைய ஓவியர்முன் இரண்டு வழிகள் இருந்தன. நிஜத் துப்பாக்கியின் பக்கவாட்டுப் புகைப்படத்தை மாடலின்மேல் நேரடியாக ஒட்டுவது ஒன்று. விவரங்கள் இலவசமாகக் கிடைத்தன, ஆனால் புகைப்படம் எடுத்த அறையின் விளக்கொளியும் சேர்ந்தே வந்தது. இன்னொன்று, ஃபோட்டோஷாப்பில் அடுக்கு அடுக்காகக் கையால் வரைவது: அடிநிறம், அதன்மேல் நிழல், விளிம்புகளில் வெண்கோடு, பிறகு கீறல், கடைசியில் அழுக்கு. பள்ளம் என்றால் கருங்கோடும் அதையடுத்து வெண்கோடும். ஒளி மேலிருந்து விழுவதாக எல்லோரும் சொல்லாமலே ஒப்புக்கொண்டிருந்தார்கள். நல்ல கைவண்ணம் எப்போதும் புகைப்படத்தை வென்றது. எதைக் காட்ட வேண்டும், எதை விட வேண்டும் என்று ஓவியருக்குத் தெரியும், கேமராவுக்குத் தெரியாது.

ஒளி வரைபவரின் கையை விட்டுப் போனது, பரப்பின் திசைகளைப் பதிந்து வைக்கும் நார்மல் மேப் என்ற படம் வந்தபின். நுணுக்கமான மாடலின் மேடுபள்ளங்களை எளிய மாடலுக்கு மாற்றும் ஆய்வுகள் 1996இல் ஸ்டான்ஃபோர்டில் வெங்கட் கிருஷ்ணமூர்த்தியும் மார்க் லெவாயும் செய்த பணியிலிருந்து தொடர்ந்தன. 2001இல் வந்த ஜீஃபோர்ஸ் 3, பிக்சல்தோறும் ஒளிக் கணக்கை நிரலாக எழுத வழிவிட்டது. 2004 ஆகஸ்டில் டூம் 3 இதை முழு விளையாட்டுக்கும் விரித்தது. இனி ஒரு துப்பாக்கிக்கு இரண்டு மாடல்கள் தேவை. பல லட்சம் முக்கோணங்களில் ஒவ்வொரு திருகையும் செதுக்கியது ஒன்று, விளையாட்டில் ஓடும் சில ஆயிரம் முக்கோண மாடல் மற்றொன்று. முதலாவதன் பரப்புத் திசைகளைச் சிவப்பு, பச்சை, நீல எண்களாக்கி இரண்டாவதன் படத்தில் பதிப்பதைப் பேக்கிங் என்பார்கள். நிறத்துக்கு ஒரு படம், மேடுபள்ளத்துக்கு ஒன்று, மினுக்கத்துக்கு ஒன்று என வேலை பிரிந்தது.

பழக்கம் எளிதில் விடவில்லை. நிறப் படத்திலும் நிழலை வரைந்து, நார்மல் மேப்பும் அதே நிழலைப் போட, பள்ளங்கள் இரட்டை நிழலோடு காட்சியளித்தன. அதன் பச்சை எண்கள் பற்றிய குழப்பம் வேறு. ஓபன்ஜிஎல் என்ற வரைகலை மரபில் மேல்நோக்கும் திசை டைரக்ட்எக்ஸ் என்ற மற்றொரு மரபில் கீழ்நோக்கும். தவறிப்போனால் திருகுக் குழி கொப்புளமாகப் புடைத்து நிற்கும். மாடலின் தையல்கள் வழியே கோடு தெரிவதும் நெடுநாள் தலைவலி. பேக் செய்யும் மென்பொருளும் விளையாட்டும் பரப்பின் தொடுதிசையை வெவ்வேறு விதமாகக் கணக்கிட்டதே காரணம். டென்மார்க்கில் மார்ட்டன் மிக்கெல்சன் 2008இல் எழுதிய ஆய்வேட்டிலிருந்து வந்த மிக்டிஸ்பேஸ் முறை இதற்குப் பொது அளவுகோலாயிற்று.

மினுக்கப் படத்தில் எவ்வளவு வெண்மை வைப்பது என்பது மட்டும் அப்போதும் அவரவர் கண்ணளவாகவே இருந்தது. ஒரு விளையாட்டில் எஃகாகத் தெரிந்தது மற்றொன்றில் ஈரப் பிளாஸ்டிக்காகத் தெரிந்தது. ராபர்ட் குக், கென்னத் டாரன்ஸ் இருவரும் 1981இலேயே உலோக ஒளிர்வை இயற்பியல்படி விளக்கியிருந்தார்கள். விளையாட்டு வன்பொருளுக்கு அப்போது அந்த வலு இல்லை. 2012இல் டிஸ்னியின் பிரென்ட் பர்லி, ரெக்-இட் ரால்ஃப் படத்துக்காக உருவான முறையை வெளியிட்டார். மறு ஆண்டு எபிக் கேம்ஸின் பிரையன் காரிஸ் அதை அன்ரியல் எஞ்ஜின் 4 என்ற விளையாட்டு மென்பொருளுக்குத் தழுவினார். அடிநிறம், உலோகமா இல்லையா, சொரசொரப்பு என்ற மூன்று கேள்விகளுக்குப் பதில் சொன்னால் மீதியை எஞ்ஜின் பார்த்துக்கொள்ளும். உலோகமல்லாத பொருள்கள் நேராக விழும் ஒளியில் ஏறத்தாழ 4 சதவீதத்தையே திருப்புகின்றன, இரும்பு பாதிக்குச் சற்று மேல் திருப்புகிறது. துருவும் பெயின்டும் உலோகக் கணக்கில் வராது. பெயின்ட் உதிர்ந்த இடத்தில் தெரியும் எஃகு வரும். நீலமேற்றிய எஃகின் மேற்படலம் ஆக்சைடுதான் என்றாலும், அதை உலோகமாகவே வைத்து நிறத்தைக் கருமையாக்குவது வழக்கமாயிற்று.

பிரான்சின் கிளெர்மான் ஃபெரானில் 2003இல் தொடங்கிய அலகோரித்மிக் நிறுவனம், 2014இல் சப்ஸ்டன்ஸ் பெயின்டரைக் கொண்டுவந்தது. 2019இல் அடோபி அந்த நிறுவனத்தை வாங்கிக்கொண்டது. மாடலின்மேல் நேரடியாக வரையலாம், ஒரே தூரிகை இழுப்பில் நிறமும் சொரசொரப்பும் மேடும் சேர்ந்து பதியும். பேக் செய்த வளைவுப் படத்தைப் பார்த்து விளிம்புத் தேய்மானத்தை மென்பொருளே போட்டுத் தருகிறது. வசதிக்கு விலை இருந்தது. எல்லா விளிம்பும் ஒரே அளவு தேய்ந்த துப்பாக்கிகள் குவிந்தன. நிஜத்தில் தேய்மானம் அப்படி வருவதில்லை. உறையில் உரசும் குழல்முனை, விரல் படும் பாதுகாப்பு விசை, மகசின் நுழையும் வாய், பெல்ட் தொங்கும் வளையம் ஆகியவை வெளுக்கும். கை படாத உட்கோணத்தில் எண்ணெயும் தூசியும் சேரும். கைப்பிடி மரம் கீறப்படுவதைவிட வியர்வையால் வழவழப்பாவதே அதிகம், அங்கே மாறுவது நிறமல்ல, சொரசொரப்பு. தேர்ந்த கலைஞர் மென்பொருள் போட்டதில் பாதியை அழித்துவிடுகிறார்.

2013 ஆகஸ்டில் கவுன்டர் ஸ்ட்ரைக்: குளோபல் அஃபென்சிவ் ஆயுதப் பூச்சுகளைச் சந்தைப் பொருளாக்கியது. ஆட்டக்காரர்கள் வரைந்தனுப்பிய பூச்சுகளும் அதில் இடம்பெற்றன. ஒவ்வொரு துப்பாக்கிக்கும் எங்கே முதலில் உதிரும் என்று சொல்லும் தேய்மானப் படம் உண்டு. 0 முதல் 1 வரையான ஓர் எண் அதன் அளவைத் தீர்மானிக்கிறது. 0.07க்குக் கீழே புத்தம் புதிது, 0.45ஐத் தாண்டினால் சீரழிந்தது. பூச்சு முறைகளும் நிஜப் பட்டறைகளைப் பின்பற்றின: தெளிப்பு, அனோடைசிங், நீரில் மிதக்கும் படலத்தில் முக்கியெடுத்தல், காலப்போக்கில் ஏறும் களிம்பு. கேஸ் ஹார்டன்டு என்ற பூச்சு, எலும்புக் கரியிலும் மரக்கரியிலும் புதைத்துச் சூடேற்றி நீரில் குளிர்வித்த எஃகில் தோன்றும் நீல, வைக்கோல் மஞ்சள் திட்டுகளின் நகல். ஒவ்வொரு பிரதியிலும் வடிவம் இடம் மாறி விழுவதால் நீலம் மிகுந்தவற்றுக்குத் தனி விலை கிடைத்தது. கத்திகளுக்கு டமாஸ்கஸ் எஃகுப் பூச்சும் உண்டு. பழைய டமாஸ்கஸ் வாள்களின் மூலப்பொருள், சேலம் வட்டாரம் உட்படத் தென்னிந்தியாவிலும் இலங்கையிலும் மூசையில் உருக்கிய எஃகு. இன்று அப்பெயரில் விற்பவை பெரும்பாலும் இரு எஃகுகளை அடுக்கி அடித்தவை.

2023 செப்டம்பரில் வந்த கவுன்டர் ஸ்ட்ரைக் 2, இயற்பியல் சார்ந்த ஒளிக்கு மாறிப் பல ஆயுதங்களுக்குப் புதிய மாடல்கள் தந்தது. மாடல் மாறினால் விரிப்பும் மாறும். பழைய விரிப்புக்காக வரைந்த பூச்சுகள் புதியதில் பொருந்தா. ஆகவே அந்தப் பூச்சுகளுக்காகப் பழைய மாடல்களும் விளையாட்டுக்குள் வைக்கப்பட்டன.