துண்டும் வீசாவும்: தொழில் அனுமதி மோசடி பற்றிய ஒரு வரலாற்று நோக்கு

வெளிநாட்டுத் தொழில்வாய்ப்பின் பெயரால் நிகழும் மோசடிகளைத் தனிமனித ஒழுக்கக்கேட்டின் விளைவாகக் கொள்வதே பொதுவழக்காகும். பேராசை கொண்ட முகவர், போலிப் பத்திரம் ஆக்குபவர், தீர விசாரியாது புறப்படும் ஏழை என்னும் மூவரோடு அவ்விளக்கம் நிறைவுபெற்றுவிடும். ஆயின், ஒன்றரை நூற்றாண்டுக் காலமாக, வெவ்வேறு அரசுகளின் கீழ், ஒரே வகையான ஏமாற்று மீண்டும் மீண்டும் தோன்றுமாயின், அதன் வேரைத் தனிமனிதரிடத்தன்றி, தொழிலாளரின் இடப்பெயர்வை ஒழுங்குசெய்யும் சட்டங்களிலும் அவற்றின் பொருளாதார அடித்தளத்திலும் தேடுதலே முறையாகும். அத்தேடலுக்கு ஒரு முன்னுரையாக அமைவதே இக்கட்டுரையின் நோக்கம்.

வந்தாறுமூலையில் அமைந்துள்ள பல்கலைக்கழகத்திலிருந்து இவ்வினாவை எழுப்புவதற்குத் தனிக் காரணம் உண்டு. மட்டக்களப்பு வாவியை அண்டிய ஊர்களில் போரும், 2004ஆம் ஆண்டின் ஆழிப்பேரலையும், அவற்றின்பின் வந்த நுண்கடனும் குடும்பப் பொருளாதாரத்தின் சுமையைப் பெண்களின் தோள்களில் ஏற்றின. வறட்சியால் பாதிக்கப்பட்ட மாவட்டங்களின் பெண்கள் பெற்ற நுண்கடனில் ஒரு பகுதியை 2018இல் அரசே தள்ளுபடி செய்யவேண்டி நேர்ந்தமை அச்சுமையின் கனத்தைக் காட்டும். கடனடைக்க வளைகுடா நாடுகளுக்குச் செல்லுதல் இப்பகுதியில் ஒரு வாழ்க்கை முறையாகவே ஆகிவிட்டது.

இலங்கையின் முதற் பெரும் கூலித்தொழிலாளர் பெயர்வு தமிழ்நாட்டிலிருந்து மலையகத்துக்கு நிகழ்ந்தது. அதன் அச்சாணியாக விளங்கியவன் கங்காணி. தோட்டத்துரையிடம் முற்பணம் பெற்றுத் தன் ஊரிலும் அயலூரிலும் ஆட்களைச் சேர்த்தான். வழிச்செலவையும் முற்பணத்தையும் அவர்கள் பெயரிற் கடனாக எழுதினான். ஆளுக்கு இவ்வளவு எனத் தலைக்காசும் பெற்றான். கணக்கு கங்காணியின் கையில் இருந்தது. எழுத்தறியாத தொழிலாளி தன் கடன் எவ்வளவு என்பதை அறியும் வழி இருக்கவில்லை.

இக்கடனிலிருந்து முளைத்ததே 'துண்டு' முறையாகும். இன்ன தொகையைச் செலுத்தினால் இக்கூட்டத்தினரை விடுவிக்கச் சம்மதம் எனத் தோட்டத்துரை எழுதிக் கொடுத்த சீட்டே துண்டு எனப்பட்டது. அதனைக் கொண்டு கங்காணி வேறொரு தோட்டத்தை நாடுவான். புதிய துரை அத்தொகையைச் செலுத்தி ஆட்களைப் பெறுவான். கைமாறுந்தோறும் கடன் வளரும். தொழிலாளியின் உழைப்பு மட்டுமன்றி, அவனது கடனும் சந்தைப் பண்டமாயிற்று என்பது இங்கு அவதானிக்கத்தக்கது.

இக்கேட்டினைக் களையச் செய்யப்பட்ட சீர்திருத்தங்களின் போக்கும் நோக்கற்பாலது. 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் தகரச்சீட்டு முறை புகுத்தப்பட்டது. தோட்டத்தின் எண் பொறித்த தகரவில்லையைத் தொழிலாளி அணிந்து வந்தான். வழிச்செலவு தோட்டத்தின் கணக்கிற் பற்றெழுதப்பட்டது. செலவுக் கணக்கைக் கங்காணி பெருக்குதலைத் தடுப்பது இதன் நோக்கம் எனலாம். எனினும், இன்ன தோட்டத்துக்கே உரிய ஆள் என்னும் முத்திரையையும் அவ்வில்லையே இட்டது. 1904இல் திருச்சிராப்பள்ளியில் தோட்டத்துரைமாரின் தொழிலாளர் ஆணையகம் நிறுவப்பட்டது. 1917இல் மார்ஜோரிபாங்ஸ், அகமது தம்பி மரைக்காயர் ஆகியோரின் அறிக்கை இலங்கையிலும் மலாயாவிலும் இந்தியத் தொழிலாளரின் நிலையை ஆராய்ந்தது. துண்டு முறை 1921ஆம் ஆண்டின் 43ஆம் இலக்கக் கட்டளைச் சட்டத்தால் ஒழிக்கப்பட்டது. அரை நூற்றாண்டுக்கு மேலாகத் தோட்டப் பொருளாதாரத்துக்குப் பயன்பட்ட ஒரு முறை, இந்திய அரசியலின் அழுத்தம் பெருகிய பின்னரே மோசடி எனச் சட்டத்தாற் கொள்ளப்பட்டது.

அடுத்த ஆண்டில், 1922இல், இந்தியக் குடிபெயர்வுச் சட்டம் இயற்றப்பட்டது. தொழிலை 'திறன்சார் தொழில்', 'திறன்சாராத் தொழில்' என இரண்டாகப் பகுத்தது அச்சட்டம். கைவினைஞர், எழுதுவினைஞர், கடைச் சிப்பந்தி, கேளிக்கைக் காட்சியினர், உணவுச்சாலைப் பணியாளர் ஆகியோரோடு வீட்டுப் பணியாளரும் திறன்சார் பிரிவிலேயே வைக்கப்பட்டனர். உழவுத்தொழிலோ திறன்சாராததாயிற்று. நாற்று நடுதலும் கொழுந்து கொய்தலும் திறனற்றவை, பிறர் வீட்டிற் சமைத்தல் திறனுடையது என்பதன்று இதன் பொருள். பெருந்தொகையாகப் பெயரும் தொழிலாளரைக் கட்டுப்படுத்தவும், சிறுதொகையினரை வேறு முறையில் அனுப்பவும் அரசு வகுத்த நிர்வாகக் கோடே அது. 1939 ஆகஸ்டில் இந்திய அரசு இலங்கைக்குத் திறன்சாராத் தொழிலாளர் செல்வதைத் தடைசெய்தபோது, அக்கோடே மனிதரின் போக்குவரவைத் தீர்மானித்தது. தடையின் பின் அனுமதியின்றி வந்தோருக்குக் கிட்டிய 'கள்ளத்தோணி' என்னும் பெயர், காலப்போக்கில் தலைமுறைகளாக இங்கு வாழ்ந்த மலையக மக்கள் அனைவர்மீதும் வீசப்பட்ட வசைச்சொல்லாயிற்று.

திறன் என்பது தொழிலின் இயல்பான குணம் மட்டுமன்று, சட்டம் இடும் பெயருமாகும் என்னும் இவ்வுண்மை பிற்கால வரலாற்றில் மேலும் தெளிவாகின்றது. 1922இல் திறன்சார் பிரிவில் இருந்த வீட்டுப் பணி, இலங்கை வெளிநாட்டு வேலைவாய்ப்புப் பணியகத்தின் புள்ளிவிபரங்களில் 'பணிப்பெண்' எனத் தனிப் பிரிவாக ஒதுக்கப்பட்டது. ஜப்பானும் தென்கொரியாவும் 1990களில் வெளிநாட்டுத் தொழிலாளரைப் 'பயிற்சியாளர்' எனும் பெயரில் வரவழைத்தன. திறன் பயிற்றுவதாகக் கூறப்பட்டோர் உண்மையில் ஆலைகளிலும் வயல்களிலும் குறைந்த ஊதியத்துக்கு உழைத்தனர். பயிற்சியாளர் என்ற பெயரே அவர்களைத் தொழிற்சட்டத்தின் முழுப் பாதுகாப்பிலிருந்து விலக்க உதவிற்று. தென்கொரியா 2004இல் அரசுகளுக்கிடையிலான வேலை அனுமதி முறைக்கு மாறிற்று; ஜப்பான் தனது பயிற்சித் திட்டத்தை மாற்றும் சட்டத்தை 2024இலேயே நிறைவேற்றிற்று. இவ்விடத்து, பொய்ப்பெயர் இட்டவை தனி முகவர்களல்ல, அரசுகளே.

இலங்கையில் 1985ஆம் ஆண்டின் 21ஆம் இலக்கச் சட்டம் வெளிநாட்டு வேலைவாய்ப்புப் பணியகத்தை நிறுவி, முகவர் நிலையங்களை உரிமப் பத்திரத்தின் கீழ்க் கொணர்ந்தது. எனினும், கிராமத்து வாசலுக்கு வருபவர் உரிமம் பெற்ற முகவரல்லர், உபமுகவரே. அவர் உறவினராகவோ அயலவராகவோ இருப்பார். கங்காணி தன் சாதியிலும் ஊரிலும் ஆள் சேர்த்தமை இங்கு நினைவுகூரத்தக்கது. வீட்டுப் பணிக்குச் செல்லும் பெண்ணிடம் பணம் பெறுவதற்கு மாறாக, அவளுக்கே முற்பணம் கொடுக்கும் வழக்கமும் பரவியுள்ளது. அப்பணம் பழைய கடனை அடைக்கும். ஆயின், சென்ற இடம் கொடிதெனினும் திரும்பிவர இயலாத புதிய கட்டாக மாறும். கங்காணியின் முற்பணம் ஆற்றிய அதே தொழிலையே இதுவும் ஆற்றுகின்றது.

கட்டுப்பாடுகள் பெருகியபோது சந்துகளும் பெருகின. 2013இல் புகுத்தப்பட்ட குடும்பப் பின்னணி அறிக்கை, 5 வயதுக்குட்பட்ட பிள்ளைகளையுடைய தாய்மார் வீட்டுப் பணிக்குச் செல்வதைத் தடுத்தது. வறுமையை அது தடுக்கவில்லை. வேறு தொழிற் பெயரிற் பதிவுசெய்தல், சுற்றுலா வீசாவிற் செல்லுதல் என்பன வழிகளாயின. பதிவின்றிச் சென்றவளுக்குக் காப்புறுதியும் இல்லை, தூதரகத்தின் துணையும் எளிதன்று. பொருளாதாரம் நிலைகுலைந்த 2022இல் 3 இலட்சத்துக்கு மேற்பட்டோர் பதிவுபெற்று நாட்டைவிட்டு வெளியேறினர். அவ்வாண்டிலேயே இக்கட்டுப்பாடுகள் தளர்த்தப்பட்டன. பெண்ணின் நலனுக்கென விதித்த விதி, அந்நியச் செலாவணி தேவைப்பட்டவுடன் நெகிழ்ந்தமை கவனத்துக்குரியது. சுற்றுலா வீசாவில் அழைத்துச் செல்லப்பட்ட பெண்கள் ஓமானில் விற்கப்பட்டதாக எழுந்த முறைப்பாடுகளின்மேல், அங்குள்ள இலங்கைத் தூதரகத்தில் பணியாற்றிய அலுவலர் ஒருவர் 2022 நவம்பரிற் கைதுசெய்யப்பட்டார்.

மோசடியின் விலையை யார் செலுத்துகின்றார் என்பதற்குக் கிழக்கின் வரலாற்றிலேயே மறக்கொணாச் சான்று உண்டு. மூதூரைச் சேர்ந்த றிசானா நபீக் 1988இற் பிறந்தவர். அவர் கடவுச்சீட்டிலோ பிறந்த ஆண்டு 1982 என எழுதப்பட்டிருந்தது. 2005இல், 17 வயதில், சவூதி அரேபியாவுக்குப் பணிப்பெண்ணாகச் சென்றார். சில வாரங்களில் அவர் பராமரிப்பிலிருந்த சிசு இறந்தது. 2007இல் மரணதண்டனை விதிக்கப்பட்டது. 2013 ஜனவரி 9ஆம் நாள் அது நிறைவேற்றப்பட்டது. அவரைச் சிறுமி என ஏற்கவேண்டிய இடத்தில் கடவுச்சீட்டின் பொய் வயதே நிலைத்தது. பிறர் இலாபத்துக்கு எழுதிய பொய், அவளுக்கே எதிரான சாட்சியாயிற்று. பத்திரத்தில் எழுத்துப் பிழை செய்தவர்களுக்கும் அப்பத்திரத்தைச் சுமந்தவளுக்கும் கிட்டிய தண்டனைகளை ஒப்புநோக்குவோர்க்கு நீதியின் வர்க்கச் சார்பு விளங்காமற் போகாது.

உயர்கல்வி பெற்றோரின் உலகிலும் இதே அமைப்புத் தொழிற்படுகின்றது. ஐக்கிய அமெரிக்காவின் எச்-1பி வீசாவுக்கு 2023 மார்ச்சில் ஏறத்தாழ 7 இலட்சத்து 80 ஆயிரம் பதிவுகள் வந்தன. அவற்றுள் 4 இலட்சத்துக்கு மேற்பட்டவை ஒருவருக்கே பல நிறுவனங்கள் செய்த பதிவுகளாகும். பதிவுகளை விடுத்து ஆட்களைத் தெரிவுசெய்யும் விதி வந்தபின், அடுத்த ஆண்டில் அவை 4 இலட்சத்து 80 ஆயிரமாகக் குறைந்தன. பிரித்தானியாவில் 2022 பெப்ரவரியில் முதியோர் பராமரிப்புப் பணியாளருக்கு வீசா திறக்கப்பட்டது. 2022 ஜூலை முதல் 2024 டிசம்பர் வரை 470க்கு மேற்பட்ட நிறுவனங்களின் உரிமங்கள் பறிக்கப்பட்டன. உரிமம் இழந்தது நிறுவனம். ஆயின், 60 நாட்களுள் புதிய முதலாளியைத் தேடு, அன்றேல் நாட்டைவிட்டு வெளியேறு எனப் பணிக்கப்பட்டவன் தொழிலாளி. 2025 ஜூலையில் அவ்வாயில் புதியவர்களுக்கு மூடப்பட்டது.

இவ்வுதாரணங்கள் அனைத்துக்கும் பொதுவான கூறு ஒன்று உளது: தொழிலாளியின் வாழும் உரிமை ஒரே முதலாளியின் சம்மதத்தில் தங்கியிருத்தல். தகரவில்லையில் தோட்டத்தின் எண் பொறிக்கப்பட்டது. வளைகுடாவில் 'கபாலா' முறை பிணைதாரரின் பெயரைப் பொறித்தது. மேலைநாட்டு வீசாவில் நிறுவனத்தின் பெயர் உள்ளது. சவூதி அரேபியா 2021இற் பணிமாற்ற விதிகளைத் தளர்த்தியபோதும் வீட்டுப் பணியாளர் அதற்குப் புறம்பாக விடப்பட்டனர். இப்பிணைப்பு உள்ளவரை அனுமதிப்பத்திரத்துக்கு விலை உண்டு. விலை உள்ளவரை அதனை விற்பவரும், போலியாக ஆக்குபவரும் தோன்றுவர்.

எனவே, பத்திரங்களைக் கடுமையாகச் சோதித்தல் மட்டும் தீர்வாகாது. சோதனை கூடுந்தோறும் தரகரின் கூலி கூடும் என்பதே வரலாறு தரும் படிப்பினை. அனுப்புஞ் செலவை முதலாளியே ஏற்றல், முதலாளியை மாற்றும் உரிமையைத் தொழிலாளிக்கு வழங்குதல், உபமுகவரைச் சட்டத்தின் முன் பொறுப்பாளியாக்குதல், ஏமாற்றப்பட்டவரைக் குற்றவாளியாக நடத்தாமை ஆகியன குறைந்தபட்சக் கோரிக்கைகளாம். புலம்பெயர் தொழிலாளர் உரிமைகள் பற்றிய ஐக்கிய நாடுகள் சமவாயத்தை 1996இல் ஏற்றுக்கொண்ட இலங்கை அரசிடம் இவற்றைக் கோருதல் நியாயமானதே. துண்டுமுறை தானாக ஒழியவில்லை. அதனைச் சகிக்க மறுத்தோரின் அழுத்தத்தாலேயே ஒழிந்தது. அத்தகைய அழுத்தம் உருவாவதற்கு, சென்றவர்களின் வரலாறு எழுதப்படுதலும் திரும்பிவந்தவர்கள் அமைப்பாகத் திரளுதலும் இன்றியமையாதன.