‘ஆண் இந்து’, ‘பெண் இந்து’: தத்துரிமைச் சட்டத்தில் திருநங்கையின் இடம்

சேலத்தைச் சேர்ந்த பிரித்திகா யாஷினியின் காவல் உதவி ஆய்வாளர் பணிக்கான விண்ணப்பம் முதலில் நிராகரிக்கப்பட்டது. 2015 நவம்பரில் சென்னை உயர் நீதிமன்றம் தலையிட்ட பிறகே அவருக்குப் பணி கிடைத்தது. நாட்டின் முதல் திருநங்கை உதவி ஆய்வாளர் என்று அரசும் பெருமை கொண்டது. பின்னாளில் அவர் ஒரு குழந்தையைத் தத்தெடுக்க விரும்பியபோது, அவர் திருநங்கை என்பதையே காரணம் காட்டி மத்திய தத்தெடுப்பு வள ஆணையம் மறுத்தது. மறுபடியும் உயர் நீதிமன்றப் படி ஏற வேண்டியதாயிற்று. லத்தியை நம்பி ஒப்படைத்த அரசு தொட்டிலை ஒப்படைக்கத் தயங்கியது ஏன்? வெறுப்பு என்று சொல்லிக் கடந்துவிடலாம். அது பாதி விடைதான். நம் சட்டங்கள் திருநங்கையை யாரோ ஒருவரின் பிள்ளையாக மட்டுமே கற்பனை செய்திருக்கின்றன. அவரும் பெற்றோர் ஆகக்கூடும் என்பது சட்டம் வரைந்தவர்களின் நினைப்பில் இல்லை.

திருநர் உரிமைப் பாதுகாப்புச் சட்டம் 2019-இன் 12ஆம் பிரிவே இதற்குச் சான்று. பெற்றோரிடமிருந்து திருநரைப் பிரிக்கக் கூடாது, வீட்டில் வசிக்கும் உரிமை அவருக்கு உண்டு, குடும்பத்தால் பராமரிக்க இயலாதபோது நீதிமன்றம் அவரை மறுவாழ்வு மையத்துக்கு அனுப்பலாம் என்கிறது அப்பிரிவு. மூன்றிலும் திருநர் பராமரிக்கப்படுபவரே. குடும்பம் என்பதையும் இரத்தம், திருமணம், சட்டப்படியான தத்து ஆகிய மூன்றுக்குள் சட்டம் அடக்கிவிடுகிறது.

பொள்ளாச்சிப் பக்கம் ஒரு திருநங்கை, இறந்துபோன அக்காளின் மகளை வளர்க்கிறார் என்று வைத்துக்கொள்வோம். குழந்தையின் தகப்பனும் சம்மதிக்கிறார். சொந்தத்துக்குள் பிள்ளையை எடுத்து வளர்ப்பது கொங்கு நாட்டுக்குப் புதிதல்ல. பங்காளிகள் நாளைக்குத் தகராறு செய்யாமலிருக்கச் சார்பதிவாளர் அலுவலகத்தில் தத்துப் பத்திரம் பதிந்துவிடுவார்கள். பதிவான பத்திரம் இருந்தால் தத்து சட்டப்படி நடந்ததாகவே நீதிமன்றம் அனுமானிக்கும். அந்த அனுமானத்துக்கு இடம் தரும் 1956ஆம் ஆண்டு இந்து தத்தெடுப்பு, ஜீவனாம்சச் சட்டமோ 7ஆம் பிரிவில் ‘ஆண் இந்து’வையும் 8ஆம் பிரிவில் ‘பெண் இந்து’வையும் மட்டுமே பேசுகிறது.

இனி வேடிக்கையைப் பாருங்கள். நம் திருநங்கை அறுவைச் சிகிச்சை செய்துகொண்டு, 2019 சட்டத்தின் 7ஆம் பிரிவின்படி ‘பெண்’ என்ற சான்றிதழ் வாங்கியிருந்தால், அவர் பெண் இந்து. அக்காள் மகளைத் தத்தெடுக்கக் காகித அளவில் தடையில்லை. 6ஆம் பிரிவின்படி ‘திருநர்’ என்ற சான்றிதழோடு நின்றுவிட்டால் இரண்டு பிரிவுகளிலும் அவருக்கு இடம் தேட வேண்டும். எந்தச் சான்றிதழும் வாங்காமல், பழைய ஆவணங்களில் ஆணாகவே இருந்துவிட்டாலோ, பிள்ளைக்கும் அவருக்கும் 21 வயது இடைவெளி இருந்தால் போதும், தத்து செல்லும்! தன்னை மறைத்துக்கொண்டவருக்குக் கிடைக்கும் உரிமை, சட்டம் சொன்னபடி தன்னை அறிவித்துக்கொண்டவருக்குக் கேள்விக்குறியாகிறது. சிகிச்சை செய்துகொண்டால்தான் பாலினத்தை ஏற்போம் என வற்புறுத்தக் கூடாது என்று உச்ச நீதிமன்றம் 2014 ஏப்ரல் 15 அன்றே நால்சா வழக்கில் சொல்லிவிட்டது. அப்படியிருக்க, தாய்மைக்கு விலையாக அறுவைச் சிகிச்சையை வைப்பது அத்தீர்ப்புக்கு முரண்.

இதற்கு மாற்றாக, திருநங்கையர் சேர்ந்து வாழும் ஜமாத் என்ற அமைப்பின் உறவையே பெற்றோருறவாக அங்கீகரிக்கலாம் என்று சிலர் வாதிடுவர். ஜமாத்தின் குரு–சேலா (குரு–சீடர்) மரபுவழி வாரிசுரிமையை இமாசலப் பிரதேச உயர் நீதிமன்றம் 2016இல் ஸ்வீட்டி வழக்கில் ஏற்றிருப்பதும் அவர்களுக்குத் துணை. எனக்கு இதில் முழு உடன்பாடில்லை. நாமக்கல் வட்டாரத்தில் பிறந்த திருநங்கை ரேவதியின் தன்வரலாற்றைப் படித்தவர்களுக்கு, அண்ணன்மாரின் அடிக்குத் தப்பி ஓடியவருக்கு ஜமாத் அடைக்கலமாக இருந்ததும் தெரியும். அதன் படிநிலையும் கட்டுப்பாடும் தெரியும். வயதுவந்த இருவர் தாமே ஏற்றுக்கொண்ட ‘அம்மா–மகள்’ உறவு ஒன்று. நடக்கத் தெரியாத குழந்தையின் பொறுப்பு வேறொன்று. முன்னதைக் காட்டிப் பின்னதைக் கேட்பது வாதத்தைப் பலவீனப்படுத்தும்.

வலுவான வழியைச் சென்னை உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளை 2019 ஏப்ரலில் அருண்குமார் வழக்கில் காட்டியது. இந்து திருமணச் சட்டத்தின் ‘மணமகள்’ என்ற சொல்லுக்குள் திருநங்கையும் அடங்குவார் என்றார் நீதிபதி ஜி.ஆர். சுவாமிநாதன். 1955ஆம் ஆண்டுச் சட்டத்தின் ‘மணமகள்’ அவ்வாறு விரியுமானால் மறு ஆண்டுச் சட்டத்தின் ‘பெண் இந்து’ ஏன் விரியக்கூடாது? உச்ச நீதிமன்றம் 2023 அக்டோபரில் சுப்ரியோ வழக்கில், மணமாகாத இணையர் சேர்ந்து தத்தெடுப்பதைத் தடுக்கும் விதியை மூன்றுக்கு இரண்டு என்ற கணக்கில் நிலைநிறுத்தியது உண்மை. ஆனால் அது இணையர் பற்றியது. தனியொரு திருநங்கையின் தகுதிக்கு அது விடையாகாது. ஆண்–பெண் உறவில் உள்ள திருநருக்கு நடப்புச் சட்டங்களின்படியே மணவுரிமை உண்டு என்பதில் அந்த ஐந்து நீதிபதிகளிடையே கருத்து வேறுபாடு இல்லை.

வாளையாறு தாண்டிக் கேரளத்துக்குள் போனால் வேறொரு காட்சி. கோழிக்கோட்டில் 2023 பிப்ரவரியில் திருநம்பி சஹத் பெற்ற குழந்தையின் பிறப்புச் சான்றிதழில் ‘தாய்’, ‘தந்தை’ என்பவற்றை நீக்கிப் ‘பெற்றோர்’ என்று மட்டும் பதிய 2025 ஜூனில் கேரள உயர் நீதிமன்றம் ஆணையிட்டது. இங்கிலாந்திலோ, பிள்ளை பெற்ற திருநம்பி ஃபிரெடி மெக்கானல் சான்றிதழில் ‘தாய்’தான் என்று 2020இல் மேல்முறையீட்டு நீதிமன்றம் முடித்துவிட்டது. 2023 அக்டோபர் முதல் பிறப்பவர்களுக்குப் பள்ளிச் சேர்க்கை தொடங்கிப் பலவற்றுக்கும் பிறப்புச் சான்றிதழையே தனி ஆவணமாக நம் நாட்டுச் சட்டம் ஏற்பதால், கேரளத் தீர்ப்பு போன்றவற்றின் பயன் இனிப் பிறக்கும் குழந்தைகளுக்கே மிகுதி.

பொள்ளாச்சிக்குத் திரும்புவோம். தத்து நிச்சயமில்லை என்றால் வழக்கறிஞர் சொல்லக்கூடிய வழி, 1890ஆம் ஆண்டுக் காப்பாளர் சட்டப்படி நீதிமன்றத்தில் மனுச் செய்வது. அச்சட்டம் பாலினம் கேட்பதில்லை, குழந்தையின் நலனையே பார்க்கிறது. நல்ல சட்டம்தான். ஆனால் 18 வயது நிறைந்த அன்றே காப்பாளர் பொறுப்பு முடிந்துவிடும்; வளர்த்தவரின் தோட்டத்தில் அந்தப் பெண்ணுக்கு மகள் என்ற முறையில் பங்கு வராது, பங்காளிகள்தாம் வந்து நிற்பார்கள். உயில் எழுதிவைக்கலாமே என்பார்கள். எழுதலாம். உயிலை அடுத்த வீட்டுக்காரருக்குக்கூட எழுதலாம்.