உரிக்க வராத உறை

சென்ற மாதம் புதிய மடிக்கணினியின் திரைக்குப் பாதுகாப்புப் படலம் ஒட்டினோம். தூசி போக்கி, ஓரத்திலிருந்து அட்டையால் நீவி நீவிக் காற்றுக்குமிழிகளை வெளியேற்ற வேண்டும். முதல்முறை கோணிவிட்டது. உரித்து மறுபடி ஒட்டினோம். திரைக்கு ஒரு கீறலும் இல்லை. இந்த எளிய வசதி, பழந்தாள்களைக் காக்க முனைந்தோருக்குக் கிட்ட ஏறத்தாழ முக்கால் நூற்றாண்டு பிடித்தது.

நைந்த தாளின் இருபுறமும் மாப்பசையால் மெல்லிய பட்டுத்துணியை ஒட்டுவது பழைய வழக்கம். பட்டும் நைந்தது. 1898இல் வத்திக்கான் நூலகத்தின் பிரான்ஸ் எர்லே முன்னின்று செயின்ட் காலனில் ஒரு மாநாடு கூட்டினார். மறு ஆண்டு டிரெஸ்டனில் கூடிய ஆவணக் காப்பாளர்கள் 'சப்போன்' என்னும் மெருகுநெய்யை ஆராய்ந்தனர். அது செல்லுலோஸ் நைட்ரேட். எளிதில் தீப்பற்றும் பழைய திரைப்படச் சுருள்களும் அதே சரக்குதான். காக்க வந்ததே கொள்ளியாகும் சரக்கு!

1930களில் அமெரிக்கத் தேசிய ஆவணக் காப்பகம் செல்லுலோஸ் அசிடேட் படலத்துக்கு மாறியது. சூடும் அழுத்தமும் கொடுத்தால் படலம் உருகித் தாளின் இழைகளுக்குள் இறங்கும். வர்ஜீனியாவில் வில்லியம் பாரோ இதற்கென உருளைப்பொறி அமைத்தார். தாளில் உள்ள அமிலத்தை முதலில் நீக்காமல் மூடினால் பயனில்லை என்று அவர் வற்புறுத்தியதுதான், நம் கருத்தில், பொறியைவிடப் பெரிய கொடை.

அத்தகைய பொறிகள் விலைமிக்கவை. எனவே இந்தியத் தேசிய ஆவணக் காப்பகத்தில் 1950களில் ஒரு கைமுறை உருவாயிற்று. தாளின்மேல் அசிடேட் படலம், அதன்மேல் டிஷ்யூ தாள். அசிட்டோனில் நனைத்த பஞ்சால் நடுவிலிருந்து விளிம்பு நோக்கி ஒரே நீவல். மின்சாரமும் வேண்டாம், பொறியும் வேண்டாம். நம் மடிக்கணினியை நீவியபோது நினைவுக்கு வந்தது இதுவே.

ஆனால் அசிடேட்டும் மூப்படையும். சிதையும்போது அதிலிருந்து அசிட்டிக் அமிலம், அதாவது காடியின் புளிப்பு, வெளிப்படும். படலத்தை நீக்கக் கரைப்பானில் ஊறவைக்க வேண்டும். சில மைகள் அதில் கசிந்துவிடும். 1970களில் அமெரிக்க நாடாளுமன்ற நூலகம் வேறு வழியைப் பரப்பியது: இரு பாலியெஸ்டர் தாள்களுக்கிடையே ஆவணத்தை ஒட்டாமல் வைத்து ஓரங்களை மட்டும் மூடுவது. வேண்டும்போது ஓரத்தை வெட்டினால் போதும். மடிக்கணினிப் படலங்களிற் பலவும் அதே பாலியெஸ்டர்தான்.

இவ்வளவும் படித்தறிந்தது பிற்காலத்தில். 1998இல் எம் தந்தையார் 1962ஆம் ஆண்டு எழுதிய கடிதமொன்றை, காப்பதாக எண்ணி, நகலகம் ஒன்றில் கொடுத்து லேமினேஷன் செய்தோம். சூட்டில் பசை உருகித் தாளோடு ஒன்றிவிட்டது. இன்று தாள் பழுப்பேறி, ஓரங்களில் மை மங்கிவருகிறது. ஒருமுறை நகத்தால் மூலையை நெம்பிப் பார்த்தோம். தாளின் ஓர் இழையும் கூடவே வந்தது. அத்தோடு நிறுத்தி, வருடிப்படம் எடுத்து மடிக்கணினியில் சேமித்தோம்.