கிட்னி ஸ்டோன் வலி... எமர்ஜென்சியில் முதல்ல எந்த ஊசி?

விலாவுக்குக் கீழே ஆரம்பிக்கும் வலி, அடிவயிறு வரைக்கும் இழுக்கும். உட்காரவும் முடியாது, படுக்கவும் முடியாது. கூடவே வாந்தி. கிட்னி ஸ்டோன் வலியோட ஆஸ்பத்திரிக்குப் போறவங்க, 'இருக்கிறதுலயே பவர்ஃபுல்லான ஊசியா போடுங்க டாக்டர்' என்பார்கள். ஆனா, பெரும்பாலும் முதல்ல போடுறது மார்ஃபின் இல்லை, டைக்ளோஃபெனாக் மாதிரியான சாதாரண வலி ஊசிதான். ஏன்?

வலி எங்கிருந்து வருது?

கல், சிறுநீர்க்குழாயை அடைக்கும்போது சிறுநீர் பின்னால் தேங்கி, கிட்னிக்குள் அழுத்தம் ஏறும். அப்போது சுரக்கும் ப்ராஸ்டாகிளாண்டின் என்ற ரசாயனம், சிறுநீர் உற்பத்தியைக் கூட்டி அழுத்தத்தை இன்னும் ஏத்திவிடும். குழாயும் இறுகும். டைக்ளோஃபெனாக் இந்த ரசாயனத்தையே தடுக்கும். மார்ஃபின், வலி உணர்வை மட்டும்தான் மட்டுப்படுத்தும். கூடவே குமட்டல், மயக்கம் வரலாம்.

ஆய்வு என்ன சொல்லுது?

கத்தார் நாட்டின் தோஹாவில் 1,644 பேரிடம் நடந்த ஆய்வு, 2016-ல் 'லான்செட்' மருத்துவ இதழில் வெளியானது. அரை மணி நேரத்தில் வலி பாதியாகவாவது குறைந்தவர்கள்: டைக்ளோஃபெனாக் ஊசியில் 68 சதவிகிதம், நரம்பு வழியே ஏத்தும் பாராசிட்டமாலில் 66, மார்ஃபினில் 61. பிரிட்டனின் 2019 வழிகாட்டுதலும் இதே வரிசையைத்தான் சொல்கிறது. முதலில் டைக்ளோஃபெனாக் வகை, அது ஒத்துக்காது அல்லது போதாது என்றால் நரம்பு வழி பாராசிட்டமால், கடைசியாகத்தான் மார்ஃபின் வகை.

இதை மறைக்காம சொல்லுங்க!

டைக்ளோஃபெனாக் எல்லாருக்கும் சரிவராது. வலியில் துடிச்சாலும், இதில் ஏதாவது இருந்தா டாக்டரிடம் சொல்லிடுங்க. முடியலைனா, கூட வந்தவங்க சொல்லணும்.

* கிட்னி செயல்பாடு ஏற்கெனவே குறைவு அல்லது ஒரே கிட்னி
* வயிற்றுப் புண், ரத்த வாந்தி வந்த வரலாறு
* இதய நோய், ரத்தம் உறையாமல் இருக்கச் சாப்பிடும் மாத்திரை
* வலி மாத்திரை போட்டால் மூச்சுத்திணறல் அல்லது அலர்ஜி
* கர்ப்பம், அல்லது கர்ப்பமாக இருக்கலாம் என்ற சந்தேகம்
* வீட்டிலேயே போட்டுக்கொண்ட மாத்திரையின் பெயரும் நேரமும்

கடைசி பாயின்ட் ரொம்ப முக்கியம். மெடிக்கல் ஷாப்பில் வாங்கிப் போட்ட மாத்திரை மேலேயே அதே வகை ஊசியும் சேர்ந்தா, டோஸ் எகிறிடும். அட்டையை போட்டோ எடுத்து போனில் வெச்சுக்கோங்க.

வலி குறைஞ்சா போதுமா?

போதாது. ஊசி வலியைத்தான் குறைக்கும், கல்லை வெளியேத்தாது. வலி நேரத்தில் லிட்டர் கணக்கா தண்ணி குடிச்சாலும் கல் உடனே வந்துவிடாது. சின்னக் கற்கள் பெரும்பாலும் தானா வெளியேறும். அதுக்கு சில நாள்கள், சில சமயம் வாரங்கள் ஆகலாம். அதனால ஸ்கேனைத் தள்ளிப்போடாதீங்க.

வலியோட குளிர்காய்ச்சல், சிறுநீரே வராமல் போவது, நிற்காத வாந்தி... இதில் ஒண்ணு இருந்தாலும் உடனே எமர்ஜென்சிதான். குறிப்பா, காய்ச்சல் இருந்தா அடைபட்ட சிறுநீரில் கிருமித்தொற்று இருக்கலாம். அது உயிருக்கே ஆபத்து. வலி ஊசி போட்டு, காய்ச்சல் இறங்கிட்டாலும் அதை டாக்டரிடம் சொல்லாமல் வீட்டுக்குக் கிளம்பிடாதீங்க.