மார்பு நிறைய ரிப்பன்கள்... ராணுவம் பதக்கங்களை அள்ளிக் கொடுக்கிறதா?

சிங்கப்பெருமாள் கோவில் தொடங்கி ஒரகடம், ஸ்ரீபெரும்புதூர் வரை தொழிற்சாலை கேட்டுகளில் முன்னாள் ராணுவத்தினர் செக்யூரிட்டி வேலை பார்ப்பதைப் பார்க்கலாம். குடியரசு தினக் கொடியேற்றத்துக்குப் பதக்கங்களோடு ஒருவர் வந்து நின்றால், "இவ்வளவும் வீரத்துக்குக் கொடுத்ததா சார்?" என்ற கேள்வி பலருக்கும் வரும்.

சுருக்கமான பதில்: இல்லை. ஒரு ராணுவ வீரரின் மார்பில் இருப்பதில் பெரும்பகுதி, அவர் எங்கே, எவ்வளவு காலம் பணியாற்றினார் என்பதற்கான அடையாளம். வீரத்துக்கான பதக்கம் வெகு சிலருக்குத்தான் கிடைக்கிறது. இரண்டும் பக்கத்தில் பக்கத்தில் இருப்பதால்தான் குழப்பமே.

ரிப்பன் என்றால் என்ன?

பதக்கம் உலோகத்தில் செய்தது. விழாக்களில் மட்டும் அணிவார்கள். அது தொங்கும் துணிப் பட்டையின் நிறத்தில், சின்னதாக ஒரு துண்டை தினசரி சீருடையில் குத்திக்கொள்வார்கள். அதுதான் ரிப்பன். ஒரு ரிப்பன் என்றால் ஒரு பதக்கம் என்று கணக்கு.

எத்தனை வகை?

முதல் வகை, வீர விருதுகள். எதிரியின் முன்னிலையில் காட்டிய வீரத்துக்கு பரம் வீர் சக்ரா, மகா வீர் சக்ரா, வீர் சக்ரா. இவை 1950 ஜனவரி 26 அன்று உருவாக்கப்பட்டன. மற்ற சூழல்களில் காட்டிய வீரத்துக்கு அசோக சக்ரா, கீர்த்தி சக்ரா, சௌர்ய சக்ரா. 1952-ல் மூன்று வகுப்புகளாகத் தொடங்கிய இவற்றுக்கு இந்தப் பெயர்கள் 1967-ல் வந்தன. இதற்கு அடுத்த நிலையில் சேனா மெடல் இருக்கிறது. கடற்படைக்கும் விமானப்படைக்கும் தனித்தனியாக இதே போன்ற மெடல்கள் உண்டு.

இரண்டாவது வகை, சிறப்பு சேவை விருதுகள். பரம் விஷிஷ்ட் சேவா மெடல், அதி விஷிஷ்ட் சேவா மெடல், விஷிஷ்ட் சேவா மெடல் போன்றவை.

மூன்றாவது வகை, இடத்துக்கும் காலத்துக்கும் தருவது. சியாச்சின் பனிமலையில் இருந்தால் ஒன்று, உயரமான மலைப் பகுதியில் இருந்தால் ஒன்று, வெளிநாட்டுப் பணிக்கு ஒன்று என்று பட்டியல் நீளும்.

சும்மா பணியில் இருந்தாலே 4 ரிப்பனா?

கிட்டத்தட்ட ஆமாம். 1997 தொடக்கத்தில் சிப்பாயாகச் சேர்ந்து, 2022 ஆகஸ்ட் 15 அன்றும் பணியில் இருந்த ஒரு சுபேதாரை எடுத்துக்கொள்வோம். சுதந்திரப் பொன்விழா பதக்கம் ஒன்று. 75-ம் ஆண்டு பதக்கம் ஒன்று. 9 ஆண்டு பணிக்கு ஒன்று, 20 ஆண்டு பணிக்கு ஒன்று. அவர் எந்த எல்லையில் இருந்தார் என்ற கணக்கே இன்னும் தொடங்கவில்லை. அதற்குள் 4 ரிப்பன்.

2001-ல் நாடாளுமன்றத் தாக்குதலுக்குப் பிறகு எல்லையில் படைகள் குவிக்கப்பட்டன. போர் நடக்கவில்லை. ஆனாலும் ஆபரேஷன் பராக்ரம் மெடல் வந்தது. மாதக்கணக்கில் எல்லையில் போர்த் தயார் நிலையில் நின்றவர்களுக்கு அது ஒரு சாட்சி.

4 ஆண்டுகளில் வெளியே வரும் அக்னிவீரருக்கு 9 ஆண்டு பதக்கம் எட்டாது. அவர் மார்பில் ரிப்பன் குறைவாக இருந்தால், வேலை குறைவு என்று அர்த்தம் இல்லை.

வீர விருது எவ்வளவு அரிது?

பரம் வீர் சக்ரா இதுவரை 21 பேருக்கு மட்டுமே கிடைத்துள்ளது. அதில் 14 பேர் உயிரோடு இல்லாதபோது அந்த விருது அறிவிக்கப்பட்டது. கார்கில் போரில் மொத்தமே 4 பேருக்குத்தான்.

அந்த 21 பேரில் ஒருவர் மேஜர் ராமசாமி பரமேஸ்வரன். 1987 நவம்பர் 25 அன்று இலங்கையில், இந்திய அமைதிப்படையில் இருந்தபோது உயிரிழந்தார்.

தாம்பரம் சென்னை கிறிஸ்தவக் கல்லூரியில் படித்து, பரங்கிமலை அதிகாரிகள் பயிற்சி அகாடமியில் பயிற்சி பெற்றவர் மேஜர் முகுந்த் வரதராஜன். 2014 ஏப்ரல் 25 அன்று காஷ்மீரின் ஷோபியானில் பயங்கரவாதிகளுடன் நடந்த மோதலில் உயிரிழந்தார். அவருக்கு அசோக சக்ரா வழங்கப்பட்டது. 'அமரன்' படம் அவர் கதைதான். 2020-ல் கல்வான் மோதலில் உயிரிழந்த ராமநாதபுரம் மாவட்டத்தைச் சேர்ந்த ஹவில்தார் பழனிக்கு வீர் சக்ரா வழங்கப்பட்டது.

இந்த விருதுக்குப் படைப்பிரிவின் கமாண்டர்தான் முதலில் எழுதி அனுப்ப வேண்டும். பல நிலைகளைத் தாண்டி பாதுகாப்பு அமைச்சகம் போய், குடியரசுத் தலைவர் ஒப்புதலோடுதான் அறிவிப்பு வரும்.

பணம் உண்டா?

வீர விருதுகளுக்கு உண்டு. 2017 ஆகஸ்ட் முதல் மத்திய அரசு இந்தத் தொகையை இரட்டிப்பாக்கியது. அப்போது நிர்ணயித்த மாதத் தொகை:

பரம் வீர் சக்ரா - ரூ.20,000
அசோக சக்ரா - ரூ.12,000
மகா வீர் சக்ரா - ரூ.10,000
கீர்த்தி சக்ரா - ரூ.9,000
வீர் சக்ரா - ரூ.7,000
சௌர்ய சக்ரா - ரூ.6,000
சேனா மெடல் (வீரத்துக்கு) - ரூ.2,000

ஆண்டு விழா பதக்கத்துக்கும் 9 ஆண்டு பதக்கத்துக்கும் இந்த மாதத் தொகை கிடையாது. அதனால் எந்தப் பட்டியலில் பெயர் வருகிறது என்பது, வீரரை இழந்த ஒரு குடும்பத்துக்கு மரியாதை மட்டும் இல்லை, மாத வருமானமும்தான்.

அப்போ விமர்சனம் எதைப் பற்றி?

ஒன்று, பதவி சார்ந்த விருதுகள். பரம் விஷிஷ்ட் சேவா மெடல் பெரும்பாலும் லெப்டினன்ட் ஜெனரல் அளவில் இருப்பவர்களுக்கே போகிறது. சேவைக்கா, பதவிக்கா என்று முன்னாள் ராணுவத்தினரே கேட்பது உண்டு.

இரண்டு, மதிப்புக் குறைவு. இதற்கு அடிக்கடி சொல்லப்படும் உதாரணம் அமெரிக்கா. 1983-ல் கிரனடா தீவில் இறங்கிய அமெரிக்கத் தரைப்படையினர் சுமார் 7,000 பேர். கொடுக்கப்பட்ட பதக்கங்களோ 8,600-க்கும் மேல். தீவுக்கே போகாமல் அலுவலகத்தில் இருந்தவர்களுக்கும் கிடைத்ததால் பெரிய சர்ச்சையானது. அங்கே அடிப்படைப் பயிற்சியை முடித்தாலே ஒரு ரிப்பன் தருவது 1981-லேயே வந்துவிட்டது.

மறுபக்க வாதமும் இருக்கு. சியாச்சின் குளிரில் காவல் நின்ற சிப்பாய்க்கு, துப்பாக்கிச் சூடு நடக்கவில்லை என்பதற்காக எதுவுமே தராமல் இருக்க முடியுமா? குடும்பத்தை விட்டு 20 ஆண்டு இருந்ததற்கு அரசு தரும் அடையாளம் ஒரு துண்டு ரிப்பன்தான்.

இந்தியாவின் கணக்கு இந்த இரண்டுக்கும் நடுவில் இருக்கிறது. கீழே தாராளம், உச்சியில் கண்டிப்பு. எண்ணிக்கையை விட, வீரத்தையும் வருகைப் பதிவையும் பார்ப்பவர்களால் பிரித்துப் பார்க்க முடியாததுதான் உண்மையான பிரச்னை.

எப்படிக் கண்டுபிடிப்பது?

எத்தனை ரிப்பன் என்று எண்ண வேண்டாம். மேல் வரிசையைப் பாருங்கள். உயர்ந்த விருது எப்போதும் மேல் வரிசையில், சட்டைப் பட்டனுக்குப் பக்கத்தில் இருக்கும்.

வெறும் ஊதா நிறம் - பரம் வீர் சக்ரா
பாதி வெள்ளை, பாதி ஆரஞ்சு - மகா வீர் சக்ரா
பாதி கருநீலம், பாதி ஆரஞ்சு - வீர் சக்ரா
கரும்பச்சையில் ஒரு காவிக் கோடு - அசோக சக்ரா. இரண்டு கோடு - கீர்த்தி சக்ரா. மூன்று கோடு - சௌர்ய சக்ரா

இந்த நிறங்கள் இல்லை என்றால் அவர் குறைந்தவர் என்று நினைக்க வேண்டாம். மற்ற ரிப்பன்கள் ஒவ்வொன்றும் அவர் நின்ற ஒரு மலையை, ஒரு எல்லையை, சில ஆண்டுகளைச் சொல்கின்றன. எது எதற்கு என்று அவரிடமே கேட்டால் சொல்வார்.