தாம்பூலமும் வாய்ப் புற்றுநோயும்

வெற்றிலை, பாக்கு, சுண்ணாம்பு மூன்றையும் சேர்த்து மெல்லும் தாம்பூலப் பழக்கம் வாய்ப் புற்றுநோய்க்கும் உணவுக்குழாய்ப் புற்றுநோய்க்கும் காரணமாகிறது. புகையிலை சேர்க்காமல் போட்டாலும் இந்த ஆபத்து உண்டு. சேர்த்தால் தொண்டைப் புற்றுநோயும் கூட வருகிறது. உலகில் சுமார் 60 கோடிப் பேர் ஏதாவது ஒரு வடிவில் பாக்கு மெல்கிறார்கள். 2022இல் உலகெங்கும் ஏற்பட்ட ஏறத்தாழ 3,89,800 வாய்ப் புற்றுநோய்களில் 1,20,200 பாக்காலும் புகையற்ற புகையிலையாலும் வந்தவை என்று பன்னாட்டுப் புற்றுநோய் ஆய்வு முகமை மதிப்பிட்டுள்ளது. அவற்றில் 83,400 இந்தியாவில். இலங்கையில் ஆண்களிடம் மிகுதியாகக் காணப்படும் புற்றுநோயே இதுதான்.

பலரும் வெற்றிலையைச் சந்தேகிக்கிறார்கள். ஆனால் வெற்றிலையில் உள்ள சில சேர்மங்கள் ஆய்வகச் சோதனைகளில் உயிரணுக்களைக் காப்பவையாகவே தெரிகின்றன. தீங்கு பாக்கில் இருக்கிறது. மெல்லும்போது தலை லேசாகக் கிறுகிறுத்து உடம்பு வெதுவெதுப்பாவதற்குக் காரணம் பாக்கிலுள்ள அரிக்கோலின் என்ற ஆல்கலாய்டு. பாக்கின் ஆல்கலாய்டுகளிலிருந்து எச்சிலில் நைட்ரோசமைன்கள் உருவாகின்றன. அவற்றில் சில புற்றுநோயை உண்டாக்குபவை. சுண்ணாம்பும் சும்மா இருப்பதில்லை. அது எச்சிலைக் காரத்தன்மை உள்ளதாக மாற்றுகிறது. அந்தச் சூழலில் பாக்கின் பாலிஃபீனால்களிலிருந்து, மரபணுவைச் சிதைக்கும் வினைமிகு ஆக்சிஜன் மூலக்கூறுகள் வெளிப்படுகின்றன. புகையிலை சேர்ந்தால் அதற்கே உரிய நைட்ரோசமைன்களும் கூடுகின்றன.

மென்றதைக் கொடுப்பில் அடக்கிவைத்துக்கொள்ளும் பழக்கம், இந்தச் சாறு ஒரே இடத்தில் மணிக்கணக்கில் ஊற வழிசெய்கிறது. மேலை நாடுகளில் வாய்ப் புற்றுநோய் பெரும்பாலும் நாக்கிலும் நாக்குக்குக் கீழுள்ள வாயின் அடித்தளத்திலும் தோன்றும். நம் பகுதியில் அது கன்னத்தின் உட்புறத்திலும் கீழ் ஈறிலும் மிகுதியாக வருவது இதனால்தான்.

தாம்பூலத்துக்கும் இந்நோய்க்கும் உள்ள தொடர்பு மருத்துவர்களுக்குப் புதிதல்ல. இன்றைய கன்னியாகுமரி மாவட்டத்திலுள்ள நெய்யூரின் மிஷன் மருத்துவமனையில் பணியாற்றிய ஆர் என்ற மருத்துவர், திருவிதாங்கூரில் தாம்பூலம் போடுவோரிடம் கண்ட வாய்ப் புற்றுநோய் பற்றி 1933லேயே லான்செட் இதழில் எழுதினார். திருவிதாங்கூருக்கு யாழ்ப்பாணத்திலிருந்து நெடுங்காலமாக மெல்லும் புகையிலை ஏற்றுமதியாகி வந்தது. அதனால் பழி முழுவதும் புகையிலை மீது விழுந்ததில் வியப்பில்லை. 1985இல் பன்னாட்டு முகமைகூடப் புகையிலை சேர்ந்த தாம்பூலத்தை மட்டுமே புற்றுநோய்க் காரணியாக அறிவித்தது. சேராததற்குப் போதிய சான்று இல்லை என்றது. தைவானில் புகையிலை சேர்க்காமல்தான் பாக்கு மெல்கிறார்கள். அங்கிருந்து வந்த ஆய்வுகளும் துணைநிற்க, 2004இல் வெளியான அம்முகமையின் அறிக்கை பாக்கையே உறுதியான புற்றுநோய்க் காரணிகளுக்கான முதல் வகையில் வைத்தது. இத்தனை ஆண்டுகளுக்குப் பிறகும் “நான் வெறும் சீவல்தான் போடுகிறேன்” என்று நிம்மதியாகச் சொல்பவர்களைப் பார்க்க முடிகிறது. குழந்தைகளின் கையில் வாசனைப் பாக்குப் பொட்டலம் கொடுப்பதும் இந்த நம்பிக்கையில்தான். இந்த ஒரு தவறான நம்பிக்கையை மாற்றுவதே இத்துறையில் முதல் வேலை.

புற்றுநோய்க்கு முன்பே பாக்கு தன் தடத்தைக் காட்டிவிடுகிறது. வாயின் அடிச்சவ்வு நாராக இறுகும் நோயை 1952இல் கென்யாவில் வாழ்ந்த ஐந்து இந்தியப் பெண்களிடம் கண்டு விவரித்தார்கள். முதலில் காரம் பட்டால் வாய் எரியும். குழம்பில் மிளகாயைக் குறைக்கச் சொல்வார்கள். வயிற்றுக் கோளாறு என்று நினைத்துக்கொள்வார்கள். பிறகு கன்னத்தின் உட்புறம் வெளிறும். விரலால் தடவினால் கயிறு போன்ற பட்டைகள் தட்டுப்படும். பெரியவர்கள் பொதுவாகத் தம் கைவிரல் மூன்றை மேலும் கீழுமாக அடுக்கி வாய்க்குள் நுழைக்க முடியும். இந்நோயில் அது இரண்டாகி, ஒன்றாகி, கடைசியில் சோற்று உருண்டையே நுழையாத நிலை வரும். பாக்கிலுள்ள செம்பும் இதற்கு ஒரு காரணம்: கொலாஜன் இழைகளைப் பிணைக்கும் நொதியை அது தூண்டிவிடுகிறது. இறுகிய சவ்வு பழைய நிலைக்குத் திரும்புவதில்லை. எர்ணாகுளம் மாவட்டத்தில் இந்நோயாளிகளை 17 ஆண்டுகள் தொடர்ந்து கவனித்ததில் 7.6 விழுக்காட்டினருக்குப் புற்றுநோய் வந்தது. வெண்படலமும் செம்படலமும் பிற முன்னறிகுறிகள். செம்படலம் அரிதானது, ஆனால் அபாயம் மிகுந்தது.

மதுவும் புகையும் சேர்ந்தால் ஆபத்து பல மடங்காகும். காய்கறி, பழம் நிறையச் சாப்பிடுவோரிடம் வாய்ப் புற்றுநோய் குறைவாகக் காணப்பட்டாலும், பழக்கத்தை விடாமல் உணவை மட்டும் திருத்தித் தப்பிக்க வழியில்லை. கேரளத்தில் வெண்படலம் உள்ளவர்களுக்கு வைட்டமின் ஏ கொடுத்துப் பார்த்தார்கள். ஏறத்தாழப் பாதிப் பேருக்குப் படலம் மறைந்தது. மருந்தை நிறுத்தியதும் அவர்களில் பெரும்பாலோருக்குத் திரும்ப வந்தது.

பழக்கத்தை விடுவதோ உறுதியாகப் பயன் தருகிறது. எர்ணாகுளம் உள்ளிட்ட மூன்று மாவட்டங்களில் சுமார் 36,000 புகையிலைப் பழக்கத்தினரிடம் வீடு தேடிச் சென்று எடுத்துச் சொன்னதில், விட்டவர்களிடம் புதிதாக வெண்படலம் தோன்றுவது வெகுவாகக் குறைந்தது. சட்டம் இவ்வளவு தூரம் வெல்லவில்லை. புகையிலை கலந்த குட்காவைத் தமிழ்நாடு 2013இல் தடைசெய்தது. ஆனால் பாக்குத்தூள் கலந்த பான் மசாலாவை ஒரு பொட்டலத்திலும் புகையிலையை இன்னொன்றிலுமாகப் பக்கத்தில் வைத்து விற்றால், வாங்குபவர் வாய்க்குள்ளேயே குட்கா தயாராகிவிடுகிறது.

வாய்ப் புற்றுநோய் ஒளிந்து வளர்வதில்லை. டார்ச் வெளிச்சத்தில் வாயைத் திறந்து பார்த்தாலே தெரியும். இரண்டு வாரத்துக்கு மேல் ஆறாத புண், வெள்ளை அல்லது சிவப்புப் படலம், வாய் திறப்பதில் இறுக்கம் ஆகியவை உடனே பல் மருத்துவரிடம் காட்ட வேண்டியவை. 1996இல் திருவனந்தபுரத்தில் தொடங்கிய பெரும் ஆய்வில் 13 ஊராட்சிகளைச் சேர்ந்த சுமார் 1,91,000 பேர் இடம்பெற்றனர். அவர்களில் ஒரு பாதியினரின் வாயைப் பயிற்சி பெற்ற சுகாதாரப் பணியாளர்கள் வெறும் கண்ணால் பரிசோதித்தார்கள். புகையிலையோ மதுவோ பழகியவர்களிடையே, பரிசோதிக்கப்பட்ட பிரிவில் வாய்ப் புற்றுநோய் இறப்பு மற்றப் பிரிவைவிட 34 விழுக்காடு குறைந்திருந்தது.