ரூன்ஸ்கேப்: விதைநெல் எடுத்து வெச்ச விளையாட்டு

கொசுவத்தி சுத்தி ரொம்ப நாளாச்சு. இன்னிக்கு கொஞ்சம் சுத்திக்கறேன், பொறுத்தருள்க.

வருஷம் 2003. திருவிடைமருதூர்ல எங்க வீட்டுலேர்ந்து ரெண்டு தெரு தள்ளி ஒரு பிரவுசிங் சென்டர். அஞ்சு கம்ப்யூட்டர், ஒரே ஒரு டயல்-அப் இணைப்பு, மணிக்கு 25 ரூபாய். 2002 மாதிரியே அந்த வருஷமும் ஜூன் 12-ல் மேட்டூர் திறக்கலை. குறுவை கிடையாது, வீட்ல காசும் கிடையாது. மூணு பேர் சேர்ந்து பங்கு போட்டுத்தான் ஒரு மணி நேரம் உக்காருவோம். எந்த கேமையும் இன்ஸ்டால் பண்ண அங்கிருந்த அண்ணன் விடவே மாட்டார். "வைரஸ் வந்துடும்டா, எந்திரி" என்பார். ஆனால் ஒண்ணு மட்டும் இன்ஸ்டால் பண்ணாமலே ஓடிச்சு. அதுதான் ரூன்ஸ்கேப்.

தெரியாதவங்களுக்குச் சின்ன அறிமுகம். உலகம் முழுக்க இருந்து ஆயிரக்கணக்கான பேர் ஒரே நேரத்தில் உலாவுற கற்பனை ராஜ்ஜியம் அது. கையில் ஒண்ணும் இல்லாம வந்து இறங்குவோம். மரம் வெட்டணும், மீன் பிடிக்கணும், சுரங்கத்தில் தாது தோண்டணும், உருக்கி வாள் அடிக்கணும். செய்யச் செய்ய அந்தந்தத் தொழில்ல நம்ம தேர்ச்சி கூடும். விளைஞ்சதை அப்போல்லாம் சந்தையில் நின்னு கூவித்தான் விக்கணும் (வாயால இல்ல, டைப் அடிச்சு!). நாற்று நடற ஊர்ல பொறந்தவனுக்கு இதெல்லாம் புதுசே இல்லை. குனிஞ்சு ஒரே வேலையை ஆயிரம் தடவை செய்யறதுதானே!

இதை எழுதினவர் ஆண்ட்ரூ கோவர். கேம்பிரிட்ஜில் படிச்ச இங்கிலாந்துப் பையன். இந்த வகை விளையாட்டுக்கு முப்பாட்டன் 1978-ல் எசெக்ஸ் பல்கலைக்கழகத்தில் ராய் ட்ரப்ஷாவும் ரிச்சர்ட் பார்ட்டிலும் உருவாக்கின 'மட்'. அதில் படமே கிடையாது, வெறும் எழுத்துதான். கோவர் அதுக்குப் படம் சேர்க்கப் போய், முதல்ல 'டீவியஸ்மட்'னு ஒண்ணு பண்ணிப் பார்த்தார். அப்புறம் அண்ணன் தம்பி சேர்ந்து 2001 ஜனவரி 4-ல் ரூன்ஸ்கேப்பை வெளியிட்டாங்க. பெரிய கம்பெனி, முதலீடு எதுவும் இல்லாத குடிசைத் தொழில். ஜாகெக்ஸ் என்ற நிறுவனமெல்லாம் அதுக்கப்புறம்தான் வந்தது.

கோவர் செஞ்ச கெட்டிக்காரத்தனம், அதை ஜாவா ஆப்லெட்டா எழுதினது. சிடி வேண்டாம், கிராபிக்ஸ் கார்டு வேண்டாம், பிரவுசர் இருந்தா போதும். பொம்மையெல்லாம் கட்டை கட்டையாத்தான் இருக்கும். ஆனால் அந்தக் கட்டைப் பொம்மையாலதான் அது எங்க ஊர் டயல்-அப்லயும் தவழ்ந்து வந்து சேர்ந்தது.

அப்புறம் வளர்ச்சிதான். 2004-ல் கிராபிக்ஸ் மாத்தி இரண்டாம் பதிப்பு வந்தது. கூடவே வந்தது வினை. விளையாட்டுத் தங்கத்தை நிஜக் காசுக்கு விக்கிற கூட்டம் பெருகிடுச்சு. அதை ஒழிக்கிறேன்னு 2007 டிசம்பர்ல வைல்டர்னஸ் பகுதியில் ஆட்கள் ஒருத்தரோட ஒருத்தர் சண்டை போடறதை எடுத்தாங்க. அடுத்த மாசமே இஷ்டப்படி பண்டமாற்று பண்றதுக்கும் கட்டுப்பாடு போட்டாங்க. எலிக்குப் பயந்து வீட்டைக் கொளுத்தின கதை. ஜனம் கொதிச்சுப் போச்சு. கடைசியில் ஓட்டெடுப்பு வெச்சு 2011 பிப்ரவரியில் ரெண்டையும் திருப்பிக் கொடுத்தாங்க. கோவர் அதுக்கு முன்னாடியே, 2010-ல் கம்பெனியை விட்டுப் போயிருந்தார்.

பாடம் படிச்சாங்களா? இல்லை. 2012 நவம்பர்ல சண்டை போடும் முறையையே தலைகீழா மாத்தினாங்க. பழைய ஆளுங்க கொத்துக் கொத்தா கிளம்பிப் போனாங்க.

எங்க ஊர் மகாலிங்கசுவாமி கோயில்ல ஒரு வழக்கம் உண்டு. கிழக்கு வாசல்ல நுழைஞ்சா அதே வழியா திரும்பக் கூடாது. வரகுண பாண்டியனை விடாம துரத்தி வந்த பிரம்மஹத்தி அங்கேயே காத்துக்கிட்டு இருக்குன்னு தலபுராணம். ஆனால் ரூன்ஸ்கேப் ஜனங்க, எது நின்னாலும் பரவாயில்லை, நாங்க வந்த வாசலுக்கே திரும்பறோம்னு அடம் பிடிச்சாங்க. கம்பெனி கிடங்குல தேடினப்போ 2007 ஆகஸ்ட் மாசத்து பேக்கப் ஒண்ணு கிடைச்சது. அதைத் திறக்கலாமான்னு ஓட்டு வெச்சாங்க. சுமார் 4 லட்சத்து 49 ஆயிரம் ஓட்டு! 2013 பிப்ரவரி 22-ல் 'ஓல்ட் ஸ்கூல் ரூன்ஸ்கேப்' பிறந்தது.

இதில் ரெண்டு விஷயம் எனக்கு ரொம்பப் பிடிச்சது.

ஒண்ணு, இனிமே புதுசா எதைச் சேர்க்கணும்னாலும் விளையாடறவங்க ஓட்டுப் போடணும், 75 சதவீதம் பேர் சரின்னா மட்டுமே சேர்ப்போம்னு விதி வெச்சாங்க (2022-ல் இதை 70 ஆக்கினாங்க). சில வருஷத்தில் இந்தப் பழைய விளையாட்டு, புதுசைவிட அதிகக் கூட்டத்தை இழுத்தது.

ரெண்டாவது, திரும்பி வந்தது உலகம் மட்டும்தான். சேர்த்த தங்கம், ஏத்தின தேர்ச்சி எதுவும் வரலை. அத்தனை பேரும் திரும்பவும் சுழியத்திலேர்ந்துதான் ஆரம்பிச்சாங்க. யாரும் கோவிச்சுக்கலை.

யோசிச்சுப் பாருங்க, இது விதைநெல் சமாச்சாரம். எவ்வளவு பஞ்சம் வந்தாலும் விதைநெல்லைச் சமைக்க மாட்டோம். போன வருஷ விளைச்சல் போனதுதான். ஆனால் விதை இருந்தா அடுத்த தண்ணிக்குத் திரும்ப நட்டுக்கலாம். அந்த பேக்கப்பை எடுத்து வெச்சவருக்கு, நாளைக்கு லட்சக்கணக்கான பேர் இதைத் தேடி வருவாங்கன்னு தெரிஞ்சிருக்குமா? சந்தேகம்தான். பரண்ல போட்டு வெச்சார், அவ்வளவுதான்.

விதை இருந்தா மட்டும் போதாது என்பதையும் சொல்லிடணும். 2001-ல் வந்த ஆதி ரூன்ஸ்கேப்பையும் ஓரமா ஓட விட்டிருந்தாங்க. பராமரிக்கிற கருவிகள் பழசாகி ஒத்துவராமப் போக, 2018 ஆகஸ்ட்ல மூடிட்டாங்க. ஜாவா ஆப்லெட்டை ஓட்டற பிரவுசரும் இன்னிக்கு இல்லை. விதையோட நிலமும் வேணும்.

2018 அக்டோபர் கடைசியில் ஓல்ட் ஸ்கூல் மொபைலுக்கு வந்தது. பங்குக்கு உக்காந்த மூணு பேர்ல ஒருத்தன் இப்போ சிங்கப்பூர்ல இருக்கான். ஒரு ராத்திரி ரெண்டு பேரும் லம்பிரிட்ஜ் கோட்டை வாசல்ல புது ஆளா நின்னோம். கையில் ஒரு மரக்கோடாலி. "மணி ஆச்சு, எந்திரிடா"ன்னு அவன் டைப் அடிச்சான். சிரிச்சு முடிக்க ரொம்ப நேரம் ஆச்சு.

போறதுக்கு முன்னாடி மக்களே, ஒரே ஒரு கேள்வி. 2009-ல் ஜியோசிட்டீஸ் மூடினப்போ எத்தனை பேரோட பக்கங்கள் போச்சுன்னு ஞாபகம் இருக்கா? உங்க பதிவுகளுக்கு பேக்கப் எடுத்து வெச்சிருக்கீங்களா? இல்லைன்னா பின்னூட்டம் போடறதை அப்புறம் பாத்துக்கலாம், முதல்ல போய் அதை எடுங்க :-)